மாடு படுக்கிற வரைக்கும்

கனகவல்லி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்கிற பேச்சு மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸின் குழாயடியில் கிளம்பி, அன்று மத்தியானத்துக்குள் ரயில்வே பட்டறை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே குழாயில் தண்ணீர் பிடித்தவள். முறை தவறி யாராவது குடத்தை முன்னால் வைத்தால்கூட வாய் திறக்காதவள். அதனாலேயே பேச்சு ருசித்தது. ஓடிப்போய்விட்டாள் என்றாள் ஒருத்தி. புருஷன் கைநீட்டியிருப்பான் என்றாள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி. கனகவல்லி ஓடவில்லை. நன்றாக வெயில் ஏறிய பிறகு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, டிரங்குப் பெட்டியைத் தலையிலும் பித்தளைத் தூக்கைக் கையிலும் எடுத்துக்கொண்டு, மகள் நீலாவோடு எல்லோரும் பார்க்கத்தான் நடந்துபோய் பஸ் ஏறினாள். கேட்டவர்களிடம் மாடு மேய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டும் போனாள். அதை ஒருவரும் நம்பவில்லை.

எழுபத்தேழாம் வருஷத்து மழைக்காலம் அது. நீலா தாவரவியலில் பி.எஸ்ஸி முடித்துவிட்டு எம்.எஸ்ஸி சேர்க்கைக்குக் காத்திருந்தாள். ராமச்சந்திராபுரத்துக்கும் அப்பால், பம்பாய் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மேய்ச்சல் நிலங்களை ஆராய்கிற சர்க்கார் பண்ணை ஒன்று இருந்தது. முதல் மழை விழுந்ததிலிருந்து ஐப்பசி வரைக்கும் அங்கே மாணவர்களைச் சீசன் வேலைக்கு எடுப்பார்கள். கரட்டு நிலத்தில் எத்தனை மாட்டை விட்டால் புல் அழியாமல் மறுபடி தழைக்கும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. வேலியடைத்த பாத்திகளில் மாட்டை விட்டு, அது எதைக் கடிக்கிறது, எதை ஒதுக்குகிறது, எப்போது அசைபோடுகிறது என்று கூடவே நடந்து எழுத வேண்டும். முழு சீசனும் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் இருந்தால் எம்.எஸ்ஸியில் அவள் கேட்ட பிரிவு கிடைத்துவிடும்.

பண்ணையின் விஞ்ஞானி ராஜாராமன் அல்வாலிலிருந்து ஜீப்பில் வந்து போகிறவர். நீலாவின் மார்க்கைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"எடுத்துக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைம்மா. ஆனா இங்க பெண்களுக்குன்னு தங்கற இடம் கிடையாது. விடியறப்போ வயல்ல நிக்கணும், பஸ்ஸுல வந்து போற காரியமில்லை. வீட்டு மனுஷா, ஒரு பெண் துணை, கூடவே தங்கினா பார்க்கலாம்."

இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லுகிற வழி அது. நீலாவுக்கும் புரிந்தது. வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வர்றேன்" என்றாள் கனகவல்லி. அரிவாள்மணையிலிருந்து தலை நிமிரவில்லை.

அவள் கணவர் வேதாசலம் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து, கையில் படிந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னாது?" என்றார்.

"துணைக்குப் பொம்பள வேணும்னாராம். நான் பொம்பளதான்."

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? அங்க போயி இன்னா செய்வ?"

"சோறாக்குவேன். இங்க செய்யறததான்."

"இங்க யாரு ஆக்குவா?"

"ரகு கீறான். நீ கீற. உல கொதிச்சா அரிசி போடணும், அம்மாந்தான்."

அண்ணன்காரன் ரகுநாதன் பட்டறையிலேயே அப்ரெண்டிஸ். அவன் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"மாடு மேய்க்கவா இவள பி.எஸ்ஸி படிக்க வெச்சேன்?" என்றார் வேதாசலம்.

"நாயனா, அது மேய்க்கறது இல்ல. ரிசர்ச்" என்றாள் நீலா.

"ரிசர்ச்சுன்னா? மாடு இங்கிலீஷ்ல மேயுதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது பரணில் டிரங்குப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

*

விதைக் கிடங்கை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. முதல் வாரம் கனகவல்லி அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. சோறு வடித்தாள், புளிச்சகீரை கடைந்தாள், ராமச்சந்திராபுரம் சந்தையில் கருவாடு கிடைத்தால் குழம்பு வைத்தாள். வாசனைக்கு மற்ற மாணவர்களும் தட்டோடு வந்தார்கள். அதுவும் சலித்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். அதற்குள் மகளின் தலை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

மாடுகளுக்குப் பொறுப்பு அப்துல் ரஹீம். பக்கத்து ஊர்க்காரர், தாடி நரைத்தவர். வேலிக்கு அருகே வந்து நின்ற அவளைப் பார்த்து, "அம்மா, உதர் நக்கோ ஜாவ். வோ மார்தீ" என்றார். அந்தப் பக்கம் போகாதே, அது முட்டும் என்று. மெட்டுகூடாவில் காய்கறிக்காரனோடு பேசிப் பழகிய உருது அவளுக்கு இருந்தது. "ஹவ் பாய், நை ஜாதீ", சரி, போகவில்லை என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

நீலா இரும்புச் சட்டத்தைப் புல்மேல் போட்டு, சட்டத்துக்குள் அகப்பட்ட புல்லை மட்டும் அரிவாளால் அறுத்துத் துணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தாள். காய வைத்து எடை போடுவதற்கு. அம்மாவும் ஒரு அரிவாளை எடுத்தாள். முதல் பிடியிலேயே வேரோடு பிடுங்கினாள்.

"அம்மா, நக்கோ. வேரு வரக் கூடாது. ப்ளாட் ஸ்பாயில் ஆயிடும்."

இரண்டாவது பிடியில் விரலை அறுத்துக்கொண்டாள். மூன்றாவதில் சட்டத்துக்கு வெளியே இருந்ததையும் சேர்த்து அறுத்தாள். நீலா பொறுமை போய், தெலுங்கிலும் இங்கிலீஷிலும் திட்டினாள். கனகவல்லிக்குக் கோபம் வரவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தது, சட்டையில் பட்டன் இல்லை என்பதைத் தவிர வேறொரு காரியத்துக்காக அவளை யாரும் திட்டியதில்லை. மறுநாளும் போனாள்.

புல்லுக்குப் பெயர் இருந்தது. கொழுக்கட்டைப் புல்லை மாடு தேடித் தேடித் தின்னும். ஊசிப் புல் இளசாக இருக்கும்போது தின்னும், கதிர் வைத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த ஊசிகள் சேலையைத் துளைத்து முழங்காலில் இறங்கின. ராத்திரி அம்மாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் துணியிலிருந்து ஒருவர் ஊசி பிடுங்குவார்கள். கால் கடுக்கும். படுத்ததும் தூக்கம் அடித்துப் போடும். பசி எடுத்துச் சாப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். மிச்சமானதை வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்டதுதான் ஞாபகம் வந்தது.

மாடுகளுக்குக் காதில் நம்பர்த் தகடு. நீலா பின்னால் நடக்க வேண்டிய வெள்ளைப் பசு சினையாக இருந்தது, அதற்குத் திமிர் அதிகம். மற்ற மாடு நிற்கிற இடத்தில் நிற்காது. சேற்றில் கால் வைக்க யோசிக்கும். கனகவல்லி அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில் விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதன் பின்னாலேயே போக வேண்டும். மூங்கில் பரண்மேல் கடிகாரத்தோடு உட்கார்ந்து அப்துல் ரஹீம் விசில் ஊதுவார். ஒவ்வொரு விசிலுக்கும் மாடு என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். அது கடித்த புல்லிலேயே ஒரு பிடி கையால் பறித்துப் பையில் போட வேண்டும். அந்த நாள் தவறினால் அந்த மாதம் போயிற்று. ஒரு மாதம் போனால் சீசன் முழுதாகாது.

ஆவணி மாதம், அந்த நாளுக்கு முதல் நாள், மாடுகளை எடை போட்டார்கள். தராசுக் கூண்டுக்குள் போன காளை என்னத்தைக் கண்டு மிரண்டதோ, பின்வாங்கிக் கதவை மோதியது. கதவுக்கும் கம்பிக்கும் நடுவே நீலாவின் வலது கை மாட்டிக்கொண்டது. அப்துல் ரஹீம் அவளை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ராமச்சந்திராபுரத்துக்கு ஓடினார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, கையைத் தூளியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். பட்டறைக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீலா அழுதது வலிக்காக இல்லை. "நாளைக்கு சீமாட்டிய யாரு ஃபாலோ பண்ணுவா? எல்லாருக்கும் அவங்கவங்க மாடு கீது" என்றாள்.

"நான் பின்னாடி போறேன். விசில் அடிச்சா கத்தறேன். நீ உக்காந்து எழுது" என்றாள் கனகவல்லி.

"லெஃப்ட் ஹேண்ட்லயா?"

"கோழி கிறுக்கினாப்பல இருந்தாக்கூட எழுத்துதானே."

*

வேதாசலம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார். இஸ்திரி போட்ட பேன்ட், முழுக்கை சட்டை. மேட்டில், புரச மரத்தடியில் மகள் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் அவள் தலையைத் தொட்டார், கையைத் தொடப் பயந்தார். "வலிக்குதா?" என்றார். "இல்ல நாயனா" என்றாள். "உங்கம்மா எங்க?" என்றதற்கு அவள் பென்சிலால் காட்டினாள். சேலையைத் தூக்கிச் செருகி, தோளில் துணிப்பையோடு, வெள்ளை மாடு ஒன்றின் வாலுக்குப் பின்னால் அவர் மனைவி போய்க்கொண்டிருந்தாள்.

வேலிக்குள் குனிந்து நுழைந்து அவளிடம் போனார். அவள் நிற்கவில்லை.

"வந்துட்டியா? பஸ் கிடைச்சுதா?" என்றாள் நடந்துகொண்டே.

"புறப்படு. ரெண்டு பேரும். பெட்டிய எடு."

"சீமாட்டி எழுந்துட்டா. இனிமே பொழுது போற வரைக்கும் நிறுத்தக் கூடாது. சொல்றத நடந்துகினே சொல்லு."

விசில் ஊதியது. "தின்னுது" என்று கனகவல்லி மேட்டைப் பார்த்துக் கத்தினாள். குனிந்து, மாடு வாய் வைத்த இடத்தில் ஒரு பிடி பறித்துப் பையில் போட்டாள். அந்தக் குரலை வேதாசலம் கேட்டதே இல்லை. அத்தனை தூரம் போகிற குரல் அவளுக்கு இருந்ததும் அவருக்குத் தெரியாது.

"பொண்ணு கைய உடைச்சி உக்கார வெச்சிருக்க. நீ மாட்டுக்குப் பின்னால கத்திகினு கீற. உனக்கே நல்லா கீதா?"

"கை பட்டறையில உடையாதா? போன வருசம் ரகுவுக்கு விரலு நசுங்கிச்சே, வேலைய விடச் சொன்னியா?"

"அவன் ஆம்பள."

"எலும்பு ஒண்ணுதான்."

மாடு புதரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் பின்னால் போனாள். அவரும் போக வேண்டியிருந்தது. ஊசிப் புல் பேன்ட்டில் வரிசையாகக் குத்தியது. குனிந்து ஒன்றைப் பிடுங்குவதற்குள் நாலு ஏறியது.

"சார்ஜ்மேன் கேக்கறான். வேதாசலம், உன் சம்சாரம் எங்கியோ மாடு மேய்க்குதாமேன்னு. நாலு பேர் முன்னாடி."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? தல குனிஞ்சேன்."

"ஆமான்னு சொல்லிருக்கலாமே."

விசில். "நடக்குது" என்றாள்.

அவர் நின்றுவிட்டார். பிறகு வேகமாக நடந்து அவளுக்கு முன்னால் போய் வழியை மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"உனக்குத் தெரியாது. எங்கப்பன் ஊர் மாடு மேய்ச்சான். நானும் கூடப் போவேன். பள்ளிக்கூடத்துல சாணி நாத்தம்னு என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். வாத்தியார் என்னைக் கதவாண்ட உக்கார வெச்சாரு, காத்து வெளிய போவட்டும்னு. குடியாத்தத்துல ரயில் ஏறி இம்மாந்தூரம் வந்தது இன்னாத்துக்கு? அந்த நாத்தம் என் புள்ளைங்க மேல ஒட்டக் கூடாதுன்னுதான். நீ அவளையே கூட்டியாந்து மாட்டு வாலப் புடிக்க வெச்சிட்ட."

கனகவல்லி அவரைப் பார்த்தபடி நின்றாள். விசில் ஊதியது அவள் காதில் விழவில்லை. மேட்டிலிருந்து நீலா "அம்மா" என்று கூப்பிட்டாள். அவள் திடுக்கிட்டு, புருஷனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நிக்குது, சும்மா நிக்குது" என்று கத்தினாள். பிறகு தணிந்த குரலில் பேசினாள்.

"இத்தினி வருசத்துல இத்த என்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

"சொல்ற விசயமா?"

"சொல்லிருந்தா உங்கப்பனுக்கு வருசா வருசம் படையல்ல ஒரு இல கூடவே போட்டிருப்பேன். நாத்தம்னு தள்ளி உக்காந்தானுங்க பாரு, வெக்கம் அவனுங்களுது. அந்த வெக்கத்த நீ இன்னாத்துக்கு ரயில்ல ஏத்திக் கொண்டாந்த? கொண்டாந்ததும் இல்லாம எங்க தலையில எறக்கற?"

மாடு நகர்ந்துவிட்டது. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு அதன் பின்னால் போனாள்.

உச்சிப் பொழுதுக்கு வேதாசலத்துக்குப் பசி வந்துவிட்டது. காலையில் டீ மட்டும் குடித்தவர். கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. "நீங்கல்லாம் எப்ப சாப்பிடுவீங்க?" என்றார் கடைசியில், யாரையோ கேட்பதுபோல.

"அது படுக்கணும். அது படுத்து அசைபோட்டாத்தான் நமக்கு சோறு."

அது படுக்கவில்லை. வானம் மூட்டமாக இருந்ததால் வெயில் உறைக்கவில்லை, நிழல் தேடவில்லை. வேதாசலம் மாட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். கடைசியாக அது முன்னங்காலை மடித்தபோது அவருக்கே அப்பாடா என்றிருந்தது. "படுத்துச்சு" என்று அவள் கத்த, மேட்டிலிருந்து நீலா தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். புளிச்சகீரைக் கடைசலும் சோறும், வறுத்த மிளகாயும். மூன்று பேரும் மாட்டுக்கு எதிரே, அது எழுந்தால் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேதாசலம் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார்.

"ரகு வடிக்கற சோறு களி மாதிரி கீது" என்றார்.

"தண்ணி அளவா வெக்கச் சொல்லு."

"நீ வந்து வெய்யி."

"ஐப்பசில வர்றேன்."

*

மழை ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. சீமாட்டி எழுந்து மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேய ஆரம்பித்தாள். கனகவல்லி கோணிப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே போனாள். வேதாசலம் மரத்தடியில் மகளுக்குப் பக்கத்தில் நின்றார். எழுதுகிற அட்டை நனையாமல் தன் குடையைப் பிடித்தார், அந்த வேலைக்குத் தானும் ஒத்தாசை செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஜீப் வந்தது. ராஜாராமன் ரெயின்கோட்டோடு இறங்கினார்.

"நீங்கதான் நீலாவோட அப்பாவா? நல்ல வேளை வந்தேள். கையோட அழைச்சுண்டு போயிடுங்கோ. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். இந்த மாசத்தை விட்டுடலாம். சர்டிபிகேட்ல பாதி சீசன்னு போட்டுத் தரேன்."

"பாதி சீசன்னா செலக்‌ஷன்ல ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றாள் நீலா.

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"ஐயா சொல்றது நியாயம்" என்றார் வேதாசலம். காலையிலிருந்து அவர் சொன்னதை ஆமோதிக்க ஒரு ஆள் கிடைத்திருந்தார். இரண்டு பேரும் எந்த பஸ், எப்போது என்று பேச ஆரம்பித்தார்கள். நீலா எழுந்து நின்றாள்.

மழைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தின்னுது. நீலா, எழுதிகினியா?"

"அம்மா, இங்க வா. நிறுத்தச் சொல்றாங்க."

கனகவல்லி மேட்டின் அடிவாரம் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஏறவில்லை. ஏறினால் மாடு மறைந்துவிடும். முகத்தில் வழிகிற தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள்.

"சார், துணைக்குப் பொம்பள வேணும்னு சொன்னீங்க. வந்தேன். வீட்டப் போட்டுட்டு வந்தேன். இப்பக் கையி உடைஞ்சிட்டுது, என் கைய வெச்சிகினு வேல செய்யறோம். வேற எது குறைஞ்சாலும் சொல்லுங்க, கொண்டாரேன். போன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான்..."

"எங்க நல்லது எங்களுக்குத் தெரியாதா சார்?"

"ராத்திரி அவளுக்கு ஜுரம் வந்தா?"

"மெட்டுகூடாவுல வந்தா யாரு பாத்துக்குவா? நான்தானே. நான் இங்கதான் கீறேன்."

"கனகா, பெரியவங்க பேசறாங்க, சும்மா இரு" என்றார் வேதாசலம்.

"நான் பெத்தவ. நானும் பெரியவதான்."

பரண்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்துல் ரஹீமுக்கு இதெல்லாம் கேட்டதோ என்னவோ, அவர் நேரம் பார்த்து விசிலை ஊதினார். கனகவல்லி பேச்சை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி, வழுக்குகிற மண்ணில் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "நடக்குது. வேலியோரமா நடக்குது" என்று குரல் வந்தது. நீலா உட்கார்ந்து எழுதினாள்.

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, நீலாவின் கோணல் எழுத்தைக் குனிந்து பார்த்தார். "படிக்கறாப்பலதான் இருக்கு" என்றார். "சரி. முடிங்கோ. அடுத்த மாசமும் இப்படியே பண்ணிக்கோங்கோ." ஜீப்பில் ஏறிப் போனார்.

பொழுது சாய்ந்து சீமாட்டியைப் பட்டிக்குள் விட்ட பிறகுதான் கனகவல்லி நின்றாள். உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வேதாசலம் பண்ணையின் கேட்டுக்கு அருகே காத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியாக் கேக்கறேன். வர்றியா, இல்லியா?"

"இல்ல."

"வரலேன்னா அப்புறம் நீ வர்றப்ப கதவு திறக்காது."

"கதவு ரயில்வேயோடது. நீ வெச்ச கதவு இல்ல. நான் தட்டுவேன். நீ திறக்காட்டி குழாயடியே வந்து பாக்கறாப்பல தட்டுவேன்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளும் பார்த்தாள், முதலில் கண்ணை எடுத்தவள் அவள் இல்லை. அவர் குடையை மகளிடம் கொடுத்துவிட்டு, ஈரத்தில் பஸ் ரோட்டைப் பார்க்க நடந்தார். அவர் பேன்ட்டின் பின்பக்கம் முழுக்க ஊசிப் புல் அப்பியிருந்தது. கூப்பிட்டுப் பிடுங்கிவிடலாமா என்று கனகவல்லிக்குத் தோன்றிற்று. கூப்பிடவில்லை. அவர் மறைந்த பிறகு அறைக்குள் போய், ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் பசித்தது. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

*

ஐப்பசியில் அவள் திரும்பி வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. ரகு சோறு வடித்துக்கொண்டிருந்தான், பதமாகவே வடித்தான். வேதாசலம் சாயங்காலம் வந்து, வாசலில் அவள் செருப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்று, உள்ளே வந்து கை கழுவினார். தீபாவளி வரைக்கும் அவளோடு பேசவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. குழாயடியில் கேட்டவர்களுக்கு மட்டும் சீமாட்டி கதையைச் சொன்னாள், சிலர் குடம் நிரம்பி வழிவதை மறந்து கேட்டார்கள். ஒரு நாள் காலையில் பீடி பற்ற வைத்துக்கொண்டே, "அந்த மாடு கன்னு போட்டுச்சா?" என்று கேட்டார் வேதாசலம். கிடாரிக் கன்று என்று அவள் சொன்னாள். "ஓகோ" என்றார்.

நீலாவுக்கு இடம் கிடைத்தது. ராஜேந்திரநகரில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். மணிக்கட்டு லேசாகக் கோணிக்கொண்டுதான் சேர்ந்திருந்தது.

மறு வருஷம் ஜூன் மாதம், முதல் மழை விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. கனகவல்லி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். பண்ணையில் புல்லறுக்கிற பெண்களோடு தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி அப்துல் ரஹீமிடம் சொல்லி வைத்திருந்தாள். வரச் சொல்லி ஆள் வந்திருந்தது.

வேதாசலம் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து பெட்டியைப் பார்த்தார்.

"நீலா ஹாஸ்டல்ல கீறா. போன வருசம் பொண்ணுக்குத் துணைன்னு போன, சரி. இப்ப யாருக்குத் துணை?"

"யாருக்கும் இல்ல."

"பின்ன?"

"எனக்குப் புடிச்சிருக்குது. போறேன்."

அவர் சட்டையின் கடைசிப் பட்டனைப் போட்டார். "பெட்டிய நான் தூக்க மாட்டேன்" என்றார்.

"தூக்கச் சொன்னேனா?"

அவள் சும்மாடு கூட்டிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே இறங்கினாள். குழாயடியில் பேச்சு நின்றது. வேதாசலம் பட்டறைக்குப் போகிற பக்கம் திரும்பாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நடந்தார். சார்ஜ்மேன் எதிரே வந்து, "இன்னா வேதாசலம், வீட்டம்மா எங்க கிளம்பிட்டாங்க?" என்றான்.

"மாடு மேய்க்க" என்றார் வேதாசலம். தலை குனியவில்லை. குரல்தான் கொஞ்சம் முறைப்பாக இருந்தது.

பஸ் வந்தது. அவள் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி, "எப்ப வருவ?" என்று கேட்டார்.

"புல்லு காஞ்சதும்" என்றாள் கனகவல்லி.